நூறு நாள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

எங்கள் ஊரில் மனு எழுதிக் கொடுப்பது, வங்கிக் கணக்கில் ஆதார் சேர்க்கப் படிவம் நிரப்புவது மாதிரியான வேலைகளைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலை சம்பந்தமாகத்தான் வருவார்கள். வடமாவட்டங்களில் பல ஊர்களில் இதற்கு ‘ஏரி வேலை’ என்று பெயர். வேலைக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும், போகாமல் குறை மட்டும் சொல்கிறவர்கள் கேட்ட கேள்விகளும் இதில் இருக்கின்றன. 2025 டிசம்பரில் சட்டமே மாறிவிட்டது. அதைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இருபது வருடம் இது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மாறியது என்னவென்று புரியும்.

இது எப்போது, எங்கே ஆரம்பித்தது?

விதை மகாராஷ்டிரத்தில் விழுந்தது. 1972-ல் அங்கே கடும் வறட்சி. கஞ்சித்தொட்டி திறப்பதைவிட வேலை கொடுத்துக் கூலி கொடுப்போம் என்று மாநில அரசு முடிவு செய்தது. அந்த ஏற்பாடு 1977-ல் சட்டமாகி, 1979 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணத்துக்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள்: நகரத்தில் சம்பளம் வாங்குகிறவர்களிடம் தொழில்வரி பிடித்து, கிராமத்தில் மண் வெட்டுகிறவர்களுக்குக் கூலி.

நாடு முழுவதற்குமான தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ல் வந்தது. 2006 பிப்ரவரி 2-ம் தேதி ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் பண்ட்லபள்ளி என்ற கிராமத்தில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தில் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என ஆறு. அடுத்த கட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், கரூர், திருநெல்வேலி சேர்ந்தன. 2008 ஏப்ரல் முதல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. மகாத்மா காந்தி பெயர் சேர்ந்தது 2009 அக்டோபரில்.

மற்ற இலவசத் திட்டங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மற்றத் திட்டங்களில் உங்களை யாராவது தேர்ந்தெடுக்க வேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும், தலைவர் மனசு வைக்க வேண்டும். இதில் பதினெட்டு வயது முடிந்த, கிராமத்தில் குடியிருக்கிற யாரும் கேட்கலாம். வெயிலில் மண்வெட்டி பிடிக்கத் தயாராக இருக்கிறவர் மட்டும்தான் வருவார் என்பதே இங்கே சல்லடை. வசதியானவரை விலக்க தனியாக ஓர் அதிகாரி தேவையில்லை, சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, இது உரிமையாக எழுதப்பட்டது. வேலை கேட்டு மனு கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதற்குப் பிறகு பாதியும் குறையாமல் வேலையில்லாப் படியாகத் தர வேண்டும். அதை மாநில அரசு கொடுக்க வேண்டும் என்று வைத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. வேலை கொடுத்தால் கூலி மத்திய அரசுப் பணத்தில் போகும், கொடுக்காவிட்டால் படி மாநிலத்தின் கையிலிருந்து போகும்.

சட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படியை வாங்கிய ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. மனு கொடுத்ததற்குத் தேதி போட்ட ரசீது கையில் இருந்தால்தான் 15 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். ஊராட்சி அலுவலகத்தில் அந்த ரசீதைத்தான் கொடுக்க மாட்டார்கள். ‘வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்மா’ என்பார்கள், அதோடு உரிமை சலுகையாகிவிடும். அதனால் யார் மனு எழுத வந்தாலும் முதலில் நான் சொல்வது, ரசீது வாங்காமல் அலுவலக வாசல்படி இறங்காதீர்கள்.

யாருக்கு இது உண்மையில் உதவியது?

பெண்களுக்கு. சட்டம் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தால் போதும் என்றது. தமிழ்நாட்டில் மொத்த வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து போல பெண்கள் செய்தவை.

ஆண்கள் ஏன் வருவதில்லை என்பது சுலபமான கேள்வி. கட்டட வேலைக்கோ மூட்டை தூக்கவோ போனால் இதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கிடைக்கும். பெண்கள் ஏன் இவ்வளவு பேர் வந்தார்கள் என்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். களையெடுக்கப் போனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. இதில் இருவருக்கும் ஒன்றுதான். வேலை வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல் கூலி. மேஸ்திரியோடு வேனில் ஏறி வெளியூர் போக வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்பலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வேலையிடத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது.

இன்னொரு காரணம் வாய்விட்டுச் சொல்லப்படாதது. எந்த நிலக்காரர் வீட்டு வாசலிலும் போய் ‘ஏதாச்சும் வேலை இருக்குங்களா’ என்று கேட்டு நிற்க வேண்டியதில்லை. காலனியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் வயதானவர்கள். அறுபது தாண்டியவரை எந்த மேஸ்திரியும் கூப்பிடுவதில்லை. இந்தச் சட்டத்தில் மேல் வயது வரம்பே கிடையாது. புருஷன் இல்லாத, பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிற அறுபத்திரண்டு வயதுப் பாட்டிக்கு ஊரில் கிடைக்கக்கூடிய ஒரே கூலி வேலை இதுதான். ‘இவர்களை நல்ல வேலைக்கு ஏற்றிவிடும் படிக்கட்டாக இது இருக்கிறதா’ என்று கேட்கிறவர்கள் அந்தப் பாட்டியை மனதில் வைத்துக் கேட்பதில்லை. அவருக்கு இது படிக்கட்டு இல்லை, வேலையே இதுதான்.

மாற்றுத்திறனாளிகளால் மண் வேலை செய்ய முடியுமா?

முடிந்ததைச் செய்யலாம் என்றுதான் விதி. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்ப்பது, வருகைப் பதிவில் உதவுவது, கன்றுகளுக்கு நீர் ஊற்றுவது போன்றவற்றை அவர்களுக்குக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மற்றவர்கள் செய்வதில் பாதி அளவு செய்தாலே முழுக் கூலி என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் பணித்தளப் பொறுப்பாளருக்கே இது தெரியாத இடங்கள் உண்டு. அடையாள அட்டை நகலை ஜாப் கார்டோடு (நூறு நாள் வேலைக்கான அட்டை) இணைத்து, பதிவில் மாற்றுத்திறனாளி என்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பதிவில் ஏறாவிட்டால் பாதி வேலை என்பது வாய்ப்பேச்சாகவே இருக்கும்.

336 ரூபாய் என்றார்கள், கைக்கு 250 தானே வந்தது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. 2006-ல் தமிழ்நாட்டில் கூலி 80 ரூபாய். 2014-ல் 167, 2020-ல் 256, 2024-ல் 319, 2025 ஏப்ரலிலிருந்து 336. ஆனால் அது நாள் சம்பளம் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம். அது ஒரு நாளைக்குக் குறித்த அளவு மண் வெட்டினால் கிடைக்கும் கூலி. ஓவர்சீயர் வந்து டேப் பிடித்து, எத்தனை கன மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் எழுதுவார். குழுவாகச் செய்த வேலையின் மதிப்பைத் தலைக்கு வகுத்தால் வருவதுதான் உங்கள் கூலி. பத்து பேர் குழுவில் நான்கு பேர் வயதானவர்கள் என்றால் எல்லோருக்கும் குறையும். தரை பாறையாக இருந்தாலும் குறையும், அளவு எடுப்பவர் வேலையிடத்துக்கு வராமலே எழுதினாலும் குறையும்.

கடினத் தரைக்குத் தனி விலை விகிதம் உண்டு. அதைப் போடச் சொல்லிக் கேட்கலாம். மே மாதத் தரை இரும்பு மாதிரி இருக்கும், அதற்கும் ஐப்பசி ஈர மண்ணுக்கும் ஒரே அளவு போட்டால் யாருக்கும் முழுக் கூலி வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-ல் இந்தக் கூலியைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு விலைவாசிக் குறியீட்டை வைத்து வருடா வருடம் மத்திய அரசு அறிவித்ததுதான் கூலி. அரசே குறைந்தபட்சக் கூலி என்று ஒரு தொகையைச் சட்டம் போட்டுச் சொல்லிவிட்டு, தன் வேலைக்கு அதற்குக் கீழே கொடுக்கலாம் என்பது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

வேலை செய்து இரண்டு மாதம் ஆகிறது, பணம் ஏறவே இல்லை. எங்கே போய்க் கேட்பது?

முதலில் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று இடத்தில் நிற்கலாம்.

ஒன்று, உள்ளூரில். வருகைப் பதிவேட்டை இங்கே என்.எம்.ஆர். என்பார்கள். அது முடிந்து, அளவு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஏற்றிக் கையெழுத்தாக வேண்டும். இதில் ஒருவர் லீவு போட்டால் நாற்பது குடும்பம் காத்திருக்கும். பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும், பதினாறாவது நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று விதி. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஐம்பது காசு. அதை வைத்து ஒரு டீகூடக் குடிக்க முடியாது. இருந்தாலும் யார் தாமதித்தது என்று எழுத்தில் வருமே, அதற்காகவாவது கேட்க வேண்டும்.

இரண்டு, டெல்லியில். உள்ளூரில் எல்லாம் சரியாக முடிந்தும் நிதி வராமல் நிற்கும். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் பல மாதம் கூலி நின்றது இப்படித்தான். முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்தது. மேற்கு வங்கத்தில் முறைகேடு என்று காரணம் காட்டி 2022 மார்ச்சில் பணத்தையே நிறுத்தினார்கள். தவறு செய்தவர் யாராக இருந்தாலும், கூலி நின்றது மண் வெட்டியவருக்கு.

மூன்று, வங்கியில். என் மேசைக்கு வருவதில் அதிகம் இந்த வகைதான். 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாக மட்டும் பணம் அனுப்புவது கட்டாயமானது. அப்படி அனுப்பும்போது நீங்கள் ஜாப் கார்டில் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் பணம் போகாது. உங்கள் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகும். ஓர் அம்மா ஐந்து மாதம் கூலி வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தார். விசாரித்தால், மகளிர் குழுக் கடனுக்காக இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கி, அந்தப் புத்தகத்தை மறந்தே போயிருந்தார். எல்லாப் பணமும் அதில் பத்திரமாக இருந்தது. அதற்குள் ஐந்து தடவை பஸ் ஏறிப் பழைய வங்கிக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஆகவே, புதுக் கணக்கு தொடங்கும்போது ஆதார் இணைக்கச் சம்மதம் கேட்டால், கூலி எங்கே வர வேண்டும் என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லையே?

சிறு விவசாயி ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடவு நேரத்தில் ஏரி வேலை ஓடினால் அவருக்குக் கஷ்டம்தான். பல ஊராட்சிகளில் நடவு, அறுவடை சமயத்தில் வேலையை நிறுத்திவைத்தார்கள், சட்டம் கட்டாயப்படுத்தாமலே.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் அதிகபட்சம் நூறு நாள். அதுவும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. நூறு நாளும் முழுமையாகக் கிடைத்த குடும்பங்கள் சிறுபான்மைதான். மீதி நாட்களில் அவர்கள் வயலுக்குத்தான் போனார்கள். டெல்டாவில் அறுவடை இயந்திரம் வந்தது, இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனது, பிள்ளைகள் படித்தது எல்லாம் சேர்ந்ததுதான் ஆள் பஞ்சம்.

உண்மையில் மாறியது கூலி. 200 ரூபாய்க்குக் களையெடுக்கக் கூப்பிட்டால், ‘அங்க போனா இதைவிடக் கிடைக்கும்’ என்று பெண்கள் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை என்பது என் கருத்து. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிக்கப்படாத ஆந்திராவில் கூலியைத் திருட்டுப் போகாமல், தாமதமில்லாமல் கொடுக்க ஸ்மார்ட் கார்டு முறையைக் கொண்டுவந்தார்கள். 157 மண்டலங்களில் (மாவட்டத்துக்குள் இருக்கும் வட்டாரங்கள்) எங்கே முதலில், எங்கே பிறகு என்பதைக் குலுக்கல் போலத் தேர்ந்து, பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முறை சரியாக நடந்த இடங்களில் ஜாப் கார்டு குடும்பங்களின் வருமானம் சுமார் 13 சதவீதம் கூடியிருந்தது. அந்த உயர்வில் பத்தில் ஒன்பது பங்கு போல இந்தத் திட்டத்துக்கு வெளியே, வயலிலும் மற்ற கூலி வேலையிலும் சம்பாதித்தது. தனியார் வேலை நாட்கள் குறையவும் இல்லை. அரசு நூறு நாள் நேர்மையாகக் கொடுத்தால், மீதி 265 நாளுக்கும் மரியாதையான கூலி கேட்கத் தைரியம் வருகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது பொய்யா?

முழுப் பொய் இல்லை. அப்படி நடந்த இடங்கள் உண்டு. வருடா வருடம் ஒரே ஏரிக்கரையைச் சுரண்டிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு அறுபது வயதுப் பாட்டி மட்டும் பொறுப்பில்லை. என்ன வேலை செய்வது என்று கிராம சபையில் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்?

திட்டமிட்ட இடங்களில் குளமும் வரத்துக்கால்வாயும் தூர்ந்தது தூர்ந்தபடி கிடக்கவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், பெண் தலைமைக் குடும்பங்கள் ஆகியோரின் சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை, கிணறு, வரப்பு, ஆட்டுக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை போட்டுத்தரவும் இதில் வழி இருந்தது. ஊரில் பலருக்கு இந்தப் பகுதி தெரியவே தெரியாது. தெரிந்தவர் வீட்டில் மட்டும் கொட்டகை நிற்கும்.

ஊழல்?

உண்டு. வேலைக்கே வராதவர் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆள் செய்ய வேண்டியதை ராத்திரியோடு ராத்திரியாக ஜே.சி.பி. செய்துவிட்டுப் போகும். ஒப்பந்ததாரரும், ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரமும் கூடாது, மொத்தச் செலவில் அறுபது சதவீதமாவது கூலியாகப் போக வேண்டும் என்பது சட்டம். கூலியும் கணக்கும் பொதுப் பார்வைக்கு வந்ததால்தான் இதெல்லாம் வெளியே தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தச் சாலை ஒப்பந்தத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று பெயரோடு இணையத்தில் பார்க்க முடிகிறது?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். வெளியாட்கள் வந்து வீடு வீடாகக் கேட்டு, கிராம சபையில் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தணிக்கையில், இறந்துபோன ஒருவர் பதினோரு நாள் வேலை செய்ததாக வாசித்தார்கள். கூட்டம் சிரித்தது, அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

செல்போன் ஆப்பில் தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்து வருகை போடும் முறை 2023 ஜனவரியில் எல்லா இடத்திலும் கட்டாயமானது. திருட்டை அது நிறுத்தவில்லை. போட்டோவையே இன்னொரு தடவை போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஆனால் சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் உண்மையாக வேலை செய்தவருக்கு ‘ஆப்சென்ட்’ விழுந்தது.

இதிலிருந்து வேறு நல்ல வேலைக்குப் போக வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஒல்லியான வழி. நூறு நாள் முடித்த குடும்பத்தில் 18 முதல் 45 வயதுக்குள் ஒருவருக்குத் தொழிற்பயிற்சி தர ‘உன்னதி’ என்ற திட்டம் வந்தது. பயிற்சி நாட்களில் உதவித்தொகையும் உண்டு. ஊரக இளைஞர்களுக்கு 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இருக்கிறது. சுயதொழில் என்றால், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். இந்தக் கடைசி ஒன்றை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். சாப்பாடு, தங்குமிடம் இலவசம், தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது பார்ப்பது என்று குறுகிய காலப் பயிற்சிகள். கர்நாடகாவில் தர்மஸ்தலா பக்கம் 1982-ல் தொடங்கிய ஒரு நிலையத்தைப் பார்த்து நாடு முழுவதும் ஏற்படுத்தியது.

பயிற்சியைவிட எளிமையான ஒன்று பெண்களை வேலைக்குக் கொண்டுவந்ததை மத்தியப் பிரதேசத்தில் பார்த்தார்கள். அங்கே கூலி பெரும்பாலும் வீட்டு ஆண் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சில கிராமங்களில் பெண்ணின் பெயரிலேயே கணக்கு தொடங்கி, கூலியை நேராக அதில் போட்டு, கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று சின்னப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் இந்தத் திட்டத்தில் மட்டுமில்லை, வெளி வேலைக்கும் அதிகமாகப் போக ஆரம்பித்தார்கள். அதுவரை வேலைக்கே போகாமல் இருந்தவர்களிடமும், புருஷன் போக வேண்டாம் என்று தடுத்த வீடுகளிலும்தான் மாற்றம் அதிகம்.

இளைஞர்களுக்கு இந்தத் திட்டம் எதுவும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.ஏ. முடித்த பெண் அம்மாவுக்குப் பதிலாக மண்வெட்டியோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தேவை வேறு.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு? படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்களுக்கு?

2005 சட்டம் கிராமத்துக்கு மட்டும். கேரளம் 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2021-22-ல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகக் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டுமே சட்ட உரிமை இல்லை.

படித்தவர்களுக்கு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். தொகை பல வருடமாக நகரவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு இதைவிடக் கூடுதல், காத்திருப்பும் ஒரு வருடம்தான். அறுநூறு ரூபாயில் இண்டர்வியூவுக்குப் போய்வரப் பஸ் செலவு தேறலாம்.

கொரோனா சமயத்தில் என்ன நடந்தது?

2020-21-ல் நாடு முழுவதும் சுமார் 389 கோடி வேலை நாட்கள், ஏழரைக் கோடிக் குடும்பங்கள். அந்த வருடம் பட்ஜெட்டில் 61,500 கோடி ஒதுக்கியிருந்தார்கள், பிறகு 40,000 கோடி சேர்க்க வேண்டியிருந்தது. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பிவந்த ஆண்கள் முதல் தடவையாக எங்கள் ஊர் ஏரியில் இறங்கியதை அப்போது பார்த்தேன். கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் கையில் இருந்ததால்தான் அன்று புதுத் திட்டம் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டதாமே?

ஆமாம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘விக்சித் பாரத்’ என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பழைய சட்டத்தின் இடத்தில் இது வருகிறது. காந்தி பெயர் போனது பற்றித்தான் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அதைவிட மற்ற மூன்று மாற்றங்கள் முக்கியமாகப் படுகின்றன.

நாட்கள் 100-லிருந்து 125 ஆகின்றன. நல்லதுதான், ஆனால் நூறே முழுதாகக் கிடைக்காத இடத்தில் 125 காகிதத்தில் இருக்கும்.

இதுவரை உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இனி தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். மாநிலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கீடு இருக்கும், அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பாடு. முன்பு மக்கள் கேட்கக் கேட்கப் பணம் பின்னால் வர வேண்டும் என்பது விதி, இப்போது பணம் இருக்கும்வரை கேட்கலாம் என்று ஆகிறது. உரிமைக்கும் ஒதுக்கீட்டுக்கும் உள்ள தூரம் இது. 2020 மாதிரி இன்னொரு வருடம் வந்தால் அப்போது தெரியும்.

விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில், மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைப்பதும் சட்டத்திலேயே வந்துவிட்டது. சிறு விவசாயிக்கு நிம்மதி. ஆனால் ‘அங்க போனா இதைவிடக் கிடைக்கும்’ என்று சொல்ல வேண்டிய நாட்களும் அவைதான். கூலி பேசுவது நடவுக்கு முந்தின நாள்தானே?

நான் தனியாக இருக்கிறேன், மகன் வீட்டு ஜாப் கார்டில் பெயர் இருக்கிறது. எனக்குத் தனி அட்டை கிடைக்குமா?

விதவைகளும் கணவர் கைவிட்டவர்களும் கேட்கும் கேள்வி இது. 2005 சட்டத்தில் குடும்பம் என்றால் ஒன்றாகக் குடியிருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், அல்லது ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறவர்கள். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால், தனி ஆளே ஒரு குடும்பம்தான். மகன் வீட்டு நூறு நாளில் மருமகளோடு பங்கு போட வேண்டியதில்லை. முதலில் ரேஷன் கார்டைப் பிரியுங்கள், பிறகு ஊராட்சியில் மனு கொடுங்கள். மனு கொடுத்த பதினைந்து நாளில் அட்டை வர வேண்டும், கட்டணம் கிடையாது என்பது விதி. போட்டோவுக்குக்கூடக் காசு கேட்கக் கூடாது. புதிய சட்டத்தின்படி மாநில அரசு தன் திட்டத்தை அறிவித்ததும் எந்த அட்டை, எந்தப் படிவம் என்பது மாறலாம், அதனால் போகும் முன் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு பிரிக்கத்தான் நாளாகும். அதை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், ரசீதோடு.